எரித்த மலைகளும் எரியும் குப்பைகளும்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் லயன் எரிந்துபோன செய்தியைச் சேகரிக்கச் சென்றிருந்தேன். பன்னிரண்டு காம்பராக்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், கலியாணத்திற்கென்று சேர்த்து வைத்த சேலைகள் அனைத்தும் சாம்பலாகியிருந்தன.

தீ எப்படிப் பிடித்தது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. லயனுக்குப் பின்னாலிருந்த மரக்கறித் தோட்டத்தைத் துப்புரவு செய்த மூதாட்டி ஒருவர், காய்ந்த போஞ்சிக் கொடிகளையும் சருகுகளையும் குவித்துத் தீ மூட்டிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் பீலிக்குச் சென்றிருக்கிறார். காற்று திரும்பியது. அவ்வளவுதான். "பேப்பர்ல போட்டுறாதீங்க தம்பி, பாவம் அந்த ஆயா, பொலிசுல புடிச்சிருவாங்க" என்று கைகூப்பினார்கள். நானும் போடவில்லை. "தீ ஏற்பட்டமைக்கான காரணம் இதுவரை கண்டறியப்படவில்லை. பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்" என்று வழக்கமான வசனத்துடன் செய்தியை முடித்துக்கொண்டேன்.

அந்த வசனம் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை உறுத்துகிறது. அந்த உறுத்தலே மலையகத்தில் தீ மூட்டுதலின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது எனலாம்.

இன்று நாம் பச்சைக் கம்பளம் என்று வர்ணிக்கும் தேயிலை மலைகள் தீயினால் பிறந்தவை. 1820களில் கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் போன்றோர் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை 1840களில் பெரும் மோகமாக மாறியது. காட்டை அழித்த முறை பயங்கரமானது. மலையடிவாரத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவுக்கு மட்டும் வெட்டிக்கொண்டே செல்வார்கள். உச்சியிலுள்ள மரங்களை முழுதாக வெட்டிச் சாய்த்ததும், அவை கீழுள்ளவற்றின்மீது விழ, அவை அடுத்தவற்றின்மீது விழ, முழு மலைச்சரிவும் பேரிரைச்சலுடன் சரியும். வெட்டும் வேலையை ஒப்பந்தத்தில் செய்தோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். வீழ்ந்த காடு வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்த பின்னர் தீ வைக்கப்பட்டது. கரிக்கட்டைகளுக்கும் எரிந்த அடிமரங்களுக்கும் இடையில் குழி தோண்டிக் கோப்பி நட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம் முன்னோர்.

1866இல் வெளியான சபொனாடியேரின் கோப்பித் தோட்டக் கைநூல் போன்றவற்றில், எரித்தல் என்பது நாற்று மேடை அமைப்பதைப் போன்ற சாதாரணத் தோட்ட வேலை. 1870களின் பிற்பகுதியில் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. அத்தனை ஏக்கரிலும் பெரும்பகுதி ஒரு காலத்தில் எரிந்த நிலம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே காலத்தில் கிராமத்து விவசாயி தன் சேனைப் பயிருக்காகச் சிறு பற்றைக்காட்டை எரிப்பது குற்றமாகப் பார்க்கப்பட்டது என்பதுதான் வரலாற்றின் முரண். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், கண்டி மாகாணங்களில் உரிமைப் பத்திரம் காட்ட முடியாத சேனை நிலங்களை முடிக்குரியவையாகக் கருதியது. துரை எரித்தால் அபிவிருத்தி, குடியானவன் எரித்தால் அழிவு. தீ ஒன்றுதான், தீக்குச்சி யார் கையில் என்பதைப் பொறுத்தே அதன் பெயர் மாறியது.

எரித்ததன் விலை விரைவிலேயே தெரிய வந்தது. மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. உயர்ந்த மலைகளின் காடுகள் அழிந்தால் ஆறுகளும் வற்றும் என்ற அச்சத்தில், தாவரவியலறிஞர் ஜோசப் ஹுக்கரின் ஆலோசனையை ஒட்டி, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளைப் பாதுகாக்கும் கொள்கை உருவானது. 1885இல் முதலாவது வனக் கட்டளைச் சட்டமும், 1907இல் அதன் இடத்தில் 16ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. ஒதுக்கக் காட்டினுள் தீ வைப்பதும், காட்டுக்கு ஆபத்து நேரும் வகையில் தீ மூட்டுவதும் இச்சட்டத்தின்கீழ் குற்றங்கள். திருத்தங்களுடன் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையும் பிறருக்கு ஆபத்து விளையும் விதத்தில் தீயைக் கவனயீனமாகக் கையாள்வதைக் குற்றமாகவே கொள்கிறது.

கோப்பி 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் வீழ்ந்தது. தேயிலை வந்தது. தேயிலை தீயை விரும்பாத பயிர் என்பதைத் தோட்டங்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போது மலையெங்கும் மிளாறும் இலையும் குவிகின்றன. அவற்றை எரிக்காமல் மலையிலேயே பரப்பி மக்கவிட வேண்டும் என்பது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் நெடுங்கால அறிவுரை. எரித்தால் இலையிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும். மக்கினால் மண்ணுக்குத் திரும்பும். 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆக, தேயிலைச் செடியின் கழிவை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நிறுவனமும் நூலும் உண்டு. செடியைப் பராமரிக்கும் மனிதரின் வீட்டுக் கழிவை என்ன செய்வது என்பதற்குத்தான் நீண்ட காலம் எவரும் பதில் சொல்லவில்லை.

இதற்குச் சட்டக் காரணமும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக விளங்கியது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையின் குப்பை வண்டி தோட்டத்துக்குள் வரவில்லை. இந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே காலப்பகுதியில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, அகரபத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய புதிய சபைகள் உருவாயின.

ஆனால் தடைச்சட்டம் வண்டிக்கு முன்னரே வந்துவிட்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டுத் தினத்தன்று கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தின் பின்னர், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ், 2017 செப்டெம்பர் 1ஆம் திகதிய வர்த்தமானி மூலம், பிளாஸ்திக் உட்படக் குப்பைகளையும் எரியக்கூடிய பிற பொருட்களையும் திறந்தவெளியில் எரிப்பது தடைசெய்யப்பட்டது. 'எரியக்கூடிய பிற பொருட்கள்' என்பது மிக விரிந்த சொற்றொடர். முற்றத்துச் சருகுக்கு விதிவிலக்கு உண்டு என்று எவரும் துணிந்து நினைத்துக்கொள்ள முடியாது.

தடை சரியானதே. எனினும், வண்டி வராத லயனில் வாழும் ஒருவரிடம் "எரிக்காதே" என்று மட்டும் சொல்வது அரை நீதி. எரிக்காவிட்டால் அவர் என்ன செய்வார்? கானில் போடுவார். கான் ஓடைக்குப் போகும். ஓடை மஸ்கெலியா ஓயாவுக்கும் கொத்மலை ஓயாவுக்கும் போகும்.

மலையில் தீ ஏன் சமவெளியைவிட ஆபத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். தீ மேல்நோக்கிச் செல்லும்போது தனக்கு மேலுள்ள புல்லையும் சருகையும் முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சாய்வு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்களின் பொதுவான கணக்கு. பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் சரிவில் மேல்நோக்கி வீசும். லயன்களோ பெரும்பாலும் சரிவுகளிலேயே உள்ளன. ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து அறைகள். ஓரறையில் பிடித்த தீ கூரை மரங்கள் வழியே மறுகோடிவரை செல்ல அதிக நேரம் தேவையில்லை. குறுகிய தோட்டப் பாதைகளில் தீயணைப்பு வண்டி ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பத்தனை, அகரபத்தனை என்று நாம் ஊர்ப்பெயராகச் சொல்லும் சொல்லே மலைப் புல்வெளியைக் குறிப்பதுதான். வரட்சிக் காலத்தில் இந்தப் புல்வெளிகள் ஒரு பொறிக்காகக் காத்திருக்கின்றன. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றிற் பலவற்றில் பைனஸ் மரங்கள் நடப்பட்டன. அவற்றின் உதிர்ந்த ஊசியிலைகள் எளிதில் தீப்பற்றுபவை. ஹட்டன் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாச் சரிவில் கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையும் மலைத்தீச் செய்திகள் எங்கள் மேசைக்கு வராத ஆண்டு இல்லை.

ஆகவே, வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். சருகையும் கொடியையும் எரிக்காதீர்கள்; குழியில் போட்டு, சாணமும் மண்ணும் இட்டு மூடுங்கள். சில மாதங்களில் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் அதைவிட நல்ல பசளை கிடையாது. பொலித்தீன், மருந்துப் போத்தல், கிருமிநாசினி டப்பா ஆகியவற்றை ஒருபோதும் தீயில் இடாதீர்கள். அந்தப் புகை முதலில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும். வேறெங்கோ மூட்டிய தீ உங்கள் சரிவுக்கு வருமானால் அதற்கு மேலே நிற்காதீர்கள். பக்கவாட்டில் விலகிக் கீழிறங்குங்கள். 119க்கும் 117க்கும் உடனே அழையுங்கள். அணைந்தது போலத் தோன்றும் சாம்பலை நம்பாதீர்கள். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலுக்குள் கங்கு மறுநாள்வரை உயிரோடிருக்கும்.

இப்போது சில தோட்டங்களில் லயன்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழுந்துள்ளன. வீட்டைச் சுற்றிச் சொந்த முற்றம். இருநூறு ஆண்டுகளில் முதன்முறையாக நம் மக்களுக்குத் தம்முடையதென்று பெருக்கிக் குவிக்க ஒரு முற்றம் கிடைத்திருக்கிறது. அந்தக் குப்பையை ஏற்க வண்டி வரவேண்டும் என்று சபையைக் கேட்பதும் அந்த முற்றத்தோடு வந்த உரிமைதான்.

அந்த மூதாட்டியின் பெயரை அன்று நான் எழுதாதது சரியென்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் காரணத்தை எழுதாதது பிழை. பெயரில்லாமலே காரணத்தை எழுதியிருக்கலாம். அடுத்த தோட்டத்தில் சருகு குவித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு, தீ மூட்டாமல் திரும்பியிருக்கக்கூடும். முப்பது ஆண்டுகள் தாமதமாக, அந்தச் செய்தியின் விடுபட்ட வரியை இங்கே எழுதி முடிக்கிறேன்: தீ ஏற்பட்டமைக்கான காரணம், யாரும் அள்ள வராத ஒரு குப்பைக் குவியல்.