வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரு தொழில், மூன்று குடும்பப் பெயர்கள்

வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு ‘நடப்பவர்’ என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். ஆங்கிலேயரிலும் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகின்றனர். உண்மையில் அது கம்பளித் துணியைத் தொட்டியில் இட்டு மிதித்தவரின் தொழிற்பெயர். அதே தொழிலைச் செய்தவர் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர் எனப்பட்டார், தென்மேற்கில் டக்கர் எனப்பட்டார். இடைக்கால இங்கிலாந்தின் வட்டார வழக்குகள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்பதற்கு இந்த மூன்று பெயர்களும் இன்றுவரை சான்றாக நிற்கின்றன.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி அப்படியே உடுக்கத் தக்கதல்ல. இழைகளுக்கிடையே சல்லடைபோல இடைவெளி இருக்கும். ஆட்டு ரோமத்தின் கொழுப்பும் நெசவாளர் தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். அந்தக் கொழுப்பைப் போக்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்படி துணியைச் சுருக்கித் தடிப்பாக்கவேண்டும். இதற்காகத் துணியைத் தொட்டியில் போட்டு நீரும் களிமண்ணும் சேர்த்து மணிக்கணக்கில் காலால் மிதித்தனர். வீடுகளில் சேர்த்துவைத்துப் புளித்த சிறுநீரும் தொட்டியில் ஊற்றப்பட்டது. அதிலுள்ள அம்மோனியா கொழுப்பை அகற்றும். எல்லாக் களிமண்ணும் இதற்கு உதவாது. எண்ணெயை உறிஞ்சும் ஒரு தனி வகை மண் சர்ரே மாவட்டத்தின் நட்ஃபீல்ட் போன்ற இடங்களில் தோண்டி எடுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் ஃபுல்லரின் மண் என்றே அதற்குப் பெயர். நம் கடைகளில் முகப்பூச்சுக்காக விற்கும் முல்தானி மெட்டி அதே வகை மண்தான். மிதித்து முடித்த துணியை அலசி, மரச்சட்டங்களில் கொக்கிகளால் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். நெசவாளியின் கையில் வெறும் பின்னலாக இருந்தது இந்தத் தொழிலாளியின் காலடியில்தான் துணியானது.

இவரைக் குறிக்க மூன்று சொற்கள் எப்படி வந்தன? மூன்றின் பிறப்பும் வேறு. ஃபுல்லர் என்பதன் வேர் லத்தீன். ரோமானியர் இத்தொழிலாளியை ஃபுல்லோ என்று அழைத்தனர். அச்சொல் பழைய ஆங்கிலத்தில் ஃபுல்லரே என்று நுழைந்தது. 1066க்குப் பின் வந்த நார்மன் பிரெஞ்சில் இதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லும் வந்து அதற்கு வலுச் சேர்த்தது. வாக்கர் முற்றிலும் ஜெர்மானியச் சொல். பழைய ஆங்கிலத்தின் வெயல்கன் என்ற வினைக்கு உருட்டு, புரட்டு என்று பொருள். துணியைப் புரட்டிப் புரட்டி மிதித்தவர் வெயல்கரே. ஜெர்மன் மொழியில் வால்கன் என்ற வினை இன்றும் அந்தத் தொழிலையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அவ்வினை உருளுதல், அலைதல், திரிதல் என்று தடம் மாறி, கடைசியில் நடத்தல் என்ற பொருளில் வந்து நின்றது. வினை விட்டுவிட்ட பழைய பொருளைக் குடும்பப் பெயர் விடாமல் பிடித்துக்கொண்டது. டக்கரின் வேர் சற்று வேடிக்கையானது. டூகியன் என்ற பழைய ஆங்கில வினைக்கு வதைத்தல் என்று பொருள். அடித்தும் மிதித்தும் இழுத்தும் துணியைப் படுத்தும் பாட்டைக் கண்டவர்கள் இந்தச் சொல்லைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

எழுத்துச் சான்றுகளில் இச்சொற்கள் அருகருகே நடமாடுகின்றன. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்ட் இயற்றிய ‘பியர்ஸ் பிளவ்மன்’ நெடும்பாட்டில், தறியை விட்டு வந்த துணி மிதிபட்ட பிறகே உடுக்க ஏற்றதாகும் என்று உவமை சொல்லும் இடத்தில், ஃபுல்லர், டக்கர் ஆகிய இரு பெயர்களுக்கும் வேரான வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், இயேசுவின் ஆடை உலகத்துத் தொழிலாளி எவனும் வெளுக்க முடியாத வெண்மையுடன் ஒளிர்ந்ததாக வரும் வசனம் இவ்வகை ஆய்வுக்கு நல்ல உரைகல். விக்ளிஃப் குழுவினர் 1380களில் செய்த முதல் மொழிபெயர்ப்பு அங்கே ஃபுல்லர், வாக்கர் என இரண்டு சொற்களையும் சேர்த்தே போட்டது. எந்த வட்டாரத்தவர் படித்தாலும் புரியவேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் நிற்பவர் வண்ணார். கம்பளி மிதிக்கும் தொழில் தேவைப்படாத நாட்டில் வேறு வழியும் இல்லை.

தொழிற்பெயர் குடும்பப் பெயராக இறுகியது ஒரே நாளில் நடந்ததல்ல. நார்மன் படையெடுப்புக்குப் பின் முதலில் நிலப்பிரபுக்கள் பரம்பரைப் பெயர் வைத்துக்கொண்டனர். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வரிப் பட்டியலிலும் நீதிமன்றப் பதிவிலும் ஜான், வில்லியம் போன்ற சில பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட ஊர், தந்தை பெயர், உடல் அடையாளம், தொழில் இவற்றில் ஒன்றை எழுத்தர்கள் சேர்த்தனர். தென் இங்கிலாந்தில் ஏறத்தாழ 1350க்குள்ளும் வடக்கில் அதற்கு அரை நூற்றாண்டு அல்லது அதற்கும் மேல் கழித்தும் பெரும்பாலோருக்குப் பரம்பரைப் பெயர் நிலைத்துவிட்டது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் இந்த மாற்றத்தை நடுவழியில் காட்டுகின்றன. சிலருக்கு அது இன்னும் தொழில். சிலருக்கு அப்பன் விட்டுப்போன பெயர். 1413ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நீதிமன்ற ஆணைகளில் ஒருவரது பெயரோடு அவருடைய நிலை அல்லது தொழிலையும் ஊரையும் தனியே எழுதவேண்டும் என்று விதித்தது. பெயரைப் பார்த்துத் தொழிலை அறிய முடியாத நிலை அதற்குள் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. மிதிப்பவர் என்ற பெயர் பரம்பரையாக நிலைத்த காலத்திலேயே காலால் மிதிப்பது குறைந்துவந்தது. நீர்ச்சக்கரத்தின் அச்சு சுழலும்போது கனத்த மரச் சம்மட்டிகள் மாறி மாறி உயர்ந்து தொட்டியிலுள்ள துணிமேல் விழும்படி அமைந்த ஆலைகள் 12ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டன. டெம்ப்ளர் என்னும் போர்த்துறவியர் சபை 1185இல் தன் சொத்துக்களைக் கணக்கெடுத்தபோது யார்க்ஷயரின் நியூசமிலும் குளோஸ்டர்ஷயரின் பார்ட்டனிலும் இத்தகைய ஆலைகள் பதிவாயின. பொருளாதார வரலாற்றாளர் எலியனோரா காரஸ்-வில்சன் 1941இல் எழுதிய கட்டுரையில் இதனை 13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே அழைத்தார். துணித் தொழில் பழைய நகரங்களை விட்டு நீரோட்டம் மிக்க மலைப்பகுதிகளுக்கு நகர்ந்ததற்கு ஆலைகளே காரணம் என்பது அவர் வாதம். பின்வந்தவர்கள் அது மிகைப்படுத்தல் என்று மறுத்தனர்; ஆனாலும் ஆலைகள் பரவியதை யாரும் மறுக்கவில்லை. வேல்ஸில் பாண்டி என்று வழங்கும் ஊர்கள் பல. அந்தச் சொல்லுக்குத் துணி மிதிக்கும் ஆலை என்று பொருள். கையும் காலும் கொண்டு செய்த பழைய முறை ஸ்காட்லாந்தின் மேலைத் தீவுகளில் மட்டும் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. அங்கே பெண்கள் பலகையைச் சுற்றி அமர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே ஈரக் கம்பளியை அடித்துப் புரட்டுவார்கள். வாக்கர் என்ற பெயரின் வேர்ச்சொல்லே அந்த வேலைக்கும் பெயர்.

மூன்று சொற்களின் வட்டாரப் பங்கீட்டை முறையாக நிறுவியவர் ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் கஸ்டாவ் ஃபிரான்சன். 1100 முதல் 1350 வரையிலான தொழிற்பெயர்களை ஆவணங்களிலிருந்து திரட்டி 1935இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது. கென்ட், சசெக்ஸ், கிழக்கு ஆங்கிலியா ஆகிய பகுதிகளில் ஃபுல்லர். டெவன், சாமர்செட் முதலான தென்மேற்கில் டக்கர். மேற்கு நடுநாட்டிலும் வடக்கிலும் வாக்கர். வேறு துணித் தொழிற்பெயர்களும் இப்படியே பிரிந்து கிடக்கின்றன. நெசவாளி வடக்கே வெப்ஸ்டர், தென்மேற்கே வெபர். சாயமிடுபவர் தெற்கே டையர், வடக்கே லிஸ்டர். எக்ஸிடர் நகரில் நெசவாளரும் துணி மிதிப்போரும் சேர்ந்து 1471இல் நிறுவிய சங்கக் கட்டடம் டக்கர்ஸ் ஹால் என்ற பெயருடன் இன்னும் நிற்கிறது. லண்டனிலோ அதே தொழிலினர் 1480இல் ஃபுல்லர்கள் என்ற பெயரில் சங்கம் பதிவுசெய்து, 1528இல் வேறொரு சங்கத்துடன் இணைந்து துணித்தொழிலாளர் சங்கம் ஆயினர்.

ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இந்த வரைபடம் அழியவில்லை. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வாக்கர்கள் யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் அவற்றை ஒட்டிய மாவட்டங்களிலும் அடர்ந்திருந்தனர். ஃபுல்லர்கள் தென்கிழக்கிலும் டக்கர்கள் டெவன், சாமர்செட் பக்கமும் இருந்தனர். ரயிலும் ஆலைத் தொழிலும் மக்களை இடம் பெயர்த்த காலத்துக்குப் பிறகும் இந்த நிலை. பெரும்பாலான குடும்பங்கள் பிறந்த மண்ணிலிருந்து சில மைல் தொலைவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் ஒவ்வொரு வாக்கரின் முன்னோரும் துணி மிதித்தவர் என்று அடித்துச் சொல்ல இயலாது. நியூகாசில் நகருக்கு அருகே வாக்கர் என்றே ஓர் ஊர் உண்டு. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். அந்த ஊர்ப் பெயரைச் சுமந்தவர்களும் சிலர் இருக்கலாம். ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் ‘துணி மிதிப்பவரின் மகன்’ என்று பொருள்படும் கேலிக் பெயரை ஆங்கிலப்படுத்தி வாக்கர் ஆனவர்கள் உண்டு. அயர்லாந்தின் டக்கர்களில் ஒரு பகுதியினர் ஓ டூஹர் என்ற ஐரிஷ் குலப்பெயரை மாற்றிக்கொண்டவர்கள். அவர்களுக்கும் துணிக்கும் தொடர்பே இல்லை. காட்டைச் சுற்றிவந்த காவலர்களே வாக்கர்கள் என்ற விளக்கம் பல குடும்ப வரலாறுகளில் இடம்பெறுகிறது. அந்தப் பொருள் வழக்குக்கு வந்த காலத்தில் இப்பெயர் பரம்பரைப் பெயராக எங்கும் நிலைத்துவிட்டது. ஆகவே அதைக் கைவிடுவதே சரி. நடக்கும் மனிதன் என்ற எண்ணத்துக்கு உரம் போட்டதில் மதுபான விளம்பரத்துக்கும் பங்குண்டு. ஜான் வாக்கர் 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் தொடங்கிய மளிகைக் கடையிலிருந்து வளர்ந்த விஸ்கி நிறுவனத்துக்காக, 1908இல் ஓவியர் டாம் பிரவுன் எட்டி நடைபோடும் மனிதரை வரைந்தார். சொற்பிறப்பியலார் எவர் எழுதினாலும் அந்தப் படத்தை வெல்ல முடியாது.

எண்ணிக்கையில் மூன்று பெயர்களும் சமமல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவாளர் நாயகம் 1850களில் வெளியிட்ட குடும்பப் பெயர்ப் பட்டியலில் வாக்கர் 18ஆம் இடம் பெற்றது. ஏறத்தாழ 59,000 பேர் அப்பெயரைக் கொண்டிருந்ததாக மதிப்பிடப்பட்டது. ஃபுல்லரும் டக்கரும் முதல் ஐம்பதில்கூட வரவில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பரப்பளவும் ஒரு காரணம்: மூன்றில் வாக்கர் வழங்கிய நிலப்பரப்பே பெரிது. மேலும், அந்நிலப்பரப்பில்தான் தொழிற்புரட்சி மக்கள்தொகையைப் பெருக்கியது. டெவனின் துணித் தொழில் தேய்ந்த காலத்தில் மேற்கு யார்க்ஷயர் செழித்தது. எங்கெங்கு மிதிதொட்டி இருந்ததோ அங்கங்கு தனித்தனியே பிறந்த பெயர் என்பதால், ஒரே பெயர் கொண்ட இரு வாக்கர்களை உறவினர் என்று கருத இடமில்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் ஆண்வழி மரபணுக்களை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைவாக உள்ளது. அரிய பெயர்களைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரு மூதாதையிடம் போய்ச் சேர்ந்தனர். ஸ்மித் போன்ற பெருவழக்குத் தொழிற்பெயரினரிடையே அத்தகைய ஒற்றுமை தென்படவில்லை.

கடல் கடந்தபின் இப்பெயரின் கதை வேறாகிறது. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாக்கர் 28ஆம் இடம். ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். 2010இல் எண்ணிக்கை 5.23 லட்சமாக உயர்ந்தும் இடம் 31க்கு இறங்கியது. ஸ்பானியப் பெயர்கள் முன்னேறியதே காரணம். அங்குள்ள வாக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். இங்கே பெயர் குருதிவழி வரவில்லை, அடிமைமுறை வழி வந்தது. 1829இல் பாஸ்டனில் அடிமைமுறையை எதிர்த்துத் துண்டுநூல் வெளியிட்ட டேவிட் வாக்கர், 1903இல் வங்கி தொடங்கிய மேகி வாக்கர், ‘தி கலர் பர்பிள்’ எழுதிய ஆலிஸ் வாக்கர் என்று அந்தச் சமூக வரலாற்றில் இப்பெயர் அடிக்கடி எதிர்ப்படுகிறது.

தமிழ்நாட்டில் இம்மூன்றில் இரண்டு பெயர்கள் ஒரே மாவட்டத்தில் தடம் பதித்துள்ளன. தாமஸ் வாக்கர் என்ற மறைப்பணியாளரைப் பற்றி டோனாவூரில் மறைப்பணி செய்த ஏமி கார்மைக்கேல் 1916இல் வெளியிட்ட வரலாற்று நூலின் தலைப்பே ‘திருநெல்வேலி வாக்கர்’ என்பதுதான். மற்றொரு பெயருக்கு உரியவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் பணியாற்றிய தம் சகோதரர் ஜான் டக்கர் வழியாகத் தென்னிந்தியப் பெண் கல்வியில் ஈடுபாடு கொண்டு, இங்கிலாந்திலிருந்தபடியே அதற்கு உதவிய பெண்மணி அவர். அவர் பெயரில் 1895இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட மகளிர் கல்லூரியை ஊரார் சாராள் தக்கர் கல்லூரி என்கின்றனர்.