அதிகாரப் பத்திரமும் அணுகல் டோக்கனும்

காரைக்குடி உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வட்டிக்கடை நடத்தினர். 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள் இருந்தன.

முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் ஏஜெண்டு. அவருக்குச் சம்பளச்சீட்டும் அதிகாரப் பத்திரமும் எழுதித் தரப்படும். தவணை வழக்கமாக 3 ஆண்டு. அதன்படி முதலாளியின் விலாசத்தில் கையெழுத்திட்டு அவர் கொடுக்கல் வாங்கல் செய்வார். நம்பிக்கை குலைந்தால் முதலாளி அதிகாரத்தை ரத்து செய்யலாம்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பல கடைகள் ஒரே கூடத்தில் இயங்கின. ஆனாலும் ஒவ்வொரு கடைக்கும் தனிப்பெட்டி உண்டு.

இன்றைய கணினியில் அணுகல் டோக்கனும் இத்தகையதே. கடவுச்சொல்லைக் கொடுக்காமல், குறிப்பிட்ட வேலைக்கும் காலத்துக்கும் மட்டும் ஒரு செயலிக்குத் தரப்படும் அதிகாரம் அது. ஒரு வேறுபாடு உண்டு. பத்திரத்தில் ஏஜெண்டின் பெயர் இருக்கும். டோக்கனிலோ பெரும்பாலும் கையில் வைத்திருப்பவரே உரியவர். திருடியவரும் அதைப் பயன்படுத்தலாம்.

ஆகவே டோக்கனைச் சாதாரணக் கோப்பில் எழுதிவைக்கக் கூடாது. விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர், மேக்கில் கீசெயின், லினக்ஸில் சீக்ரெட் சர்வீஸ் ஆகியவை அதற்கான பெட்டிகள். தேவைப்படும்போது செயலி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். களவு போனதாகத் தெரிந்தால், அன்றைய முதலாளியைப் போல உடனே ரத்து செய்துவிட வேண்டும்.