புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்: நெகிரி செம்பிலான் சான்றுகளை முன்வைத்து ஒரு மறுபார்வை

முன்னோர் உண்ட உணவே நோய் நீக்கும் மருந்து என்னும் கருத்து தமிழர் மேடைகளிலும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் இன்று அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. புழுங்கலரிசி அக்கருத்துக்கு வாய்ப்பான எடுத்துக்காட்டாகியுள்ளது. நெல்லை அவித்துக் குத்தினால் உயிர்ச்சத்து அரிசியினுள் தங்கும் என்பதை நம் முன்னோர் அறிந்தே அம்முறையை வகுத்தனர் என்றும், அதனாலேயே தோட்டப்புறத் தமிழர் நோயின்றி வாழ்ந்தனர் என்றும் கூறப்படுகின்றது. இக்கூற்றினுள் மெய்யான செய்தி ஒன்று உண்டு. அதனோடு புனைவுகளும் கலந்துள்ளன. இரண்டையும் பிரித்தறிவதற்குரிய சான்றுகள் நெகிரி செம்பிலான் மாநில வரலாற்றிலேயே கிடைக்கின்றன என்பதால் இக்கட்டுரை அவற்றை எடுத்துக்கொள்கிறது.

கோலா பிலாப் பள்ளத்தாக்கு மினாங்கபாவ் மரபினரான மலாய்க்காரர்களின் நெல்வயல்கள் நிறைந்த பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜுவாசே, ஜொகோல், பகாவ், ரொம்பின் எனச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரவத் தொடங்கின. (பகாவும் ரொம்பினும் அன்று கோலா பிலா மாவட்டத்தைச் சார்ந்தவை, ஜெம்போல் பின்னரே தனி மாவட்டமாயிற்று.) அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். ஜெலுபு, சிரம்பான் வட்டாரங்களின் ஈயச் சுரங்கங்களில் சீனர் உழைத்தனர். ஆகவே ஒரு சிறு மாநிலத்திற்குள் மூவகைச் சோறு உண்ணப்பட்டது. மலாய்க்காரர் தம் வயல் நெல்லைத் தேவைக்கேற்ப அவ்வப்போது குத்தி உண்டனர். சீனர் ஆலையில் வெண்மையாகத் தீட்டப்பட்ட சயாம் பச்சரிசியை உண்டனர். தமிழர் கடல் கடந்து வந்த புழுங்கலரிசியை உண்டனர்.

அக்காலத்தில் மலாயாவின் பெருங்கொல்லிகளுள் ஒன்றாக விளங்கியது பெரிபெரி. கால் மரத்தல், நடை தளர்தல், உடல் வீங்குதல், ஈற்றில் இதயம் செயலிழத்தல் என அந்நோய் முற்றும். சுரங்கத் தொழிலாளரிடையேயும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் அது மிகுந்து காணப்பட்டது. மலாய்க் கம்பங்களிலோ தமிழர் லயங்களிலோ அது அரிதாகவே தோன்றியது. இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் கூறியோர் பலர். நிலத்திலிருந்து எழும் தீய ஆவியே காரணம் என்றனர் சிலர். இனத்தின் உடற்கூறே காரணம் என்றனர் வேறு சிலர். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட், வாய்வழி உடலுள் புகும் நுண்கிருமியே காரணம் என வாதிட்டார். காலராவுக்கும் காசநோய்க்கும் கிருமிகள் கண்டறியப்பட்டிருந்த காலம் அது. புதிய நோய் எதுவாயினும் அதற்கொரு கிருமி இருந்தாக வேண்டும் என எதிர்பார்த்தல் இயல்பே. அறிவியலுக்கும் அவ்வக்காலத்து மோகங்கள் உண்டு.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் டபிள்யூ. எல். பிராடன் இவ்வேறுபாட்டை வேறு நோக்கில் அணுகினார். நோயுற்றோர் யாவர், அவர்கள் உண்டது எவ்வகை அரிசி என்பதை ஆண்டுக்கணக்கில் பதிவேடுகளிலிருந்து தொகுத்தார். நோய் இனத்தைப் பின்பற்றவில்லை, அரிசியையே பின்பற்றியது என்பது அவர் கண்ட முடிபு. 1907இல் வெளிவந்த அவருடைய பெரிபெரி பற்றிய நூல் இதனை விரிவாக நிறுவ முயன்றது. தமிழ்த் தொழிலாளரின் உணவு மருத்துவ ஆராய்ச்சியின் மையச் சான்றாக இடம்பெற்ற முற்கால நூல்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் பிராடன் தந்த காரணம் பிழையானது. பழைய பச்சரிசியில் பூஞ்சை போன்ற ஒன்றால் நச்சு உண்டாகின்றது என்றும், நெல்லை அவிப்பதால் அந்நச்சு தோன்றாமற் போகின்றது என்றும் அவர் கருதினார். நோக்கியது சரி, விளக்கியது தவறு. இவ்விரண்டும் ஒருவரிடமே அமையக்கூடும் என்பது நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி.

பதிவேட்டுச் சான்று எத்துணை வலிதாயினும் அது ஐயத்திற்கு இடந்தரும். தமிழர்க்கும் சீனர்க்கும் அரிசி மட்டுமா வேறுபட்டது? இருப்பிடம், தொழில், நீர், கறிவகை அனைத்துமே வேறுபட்டன. எனவே ஏனையவற்றைச் சமமாக்கி அரிசியை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை தேவைப்பட்டது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் அதனைத் தொடங்கினார். நோயாளிகளை ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் பரவவில்லை. பிளெட்சர் அரிசியே நோய்க்குக் காரணம் என்று தொடக்கத்தில் நம்பியவரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த சோதனை கோலா பிலாவுக்கு வடக்கே, ஜெலுபு மாவட்டத்தில், பகாங் எல்லையை அடுத்த டுரியான் திப்புஸ் காட்டில் 1907-08இல் நடந்தது. மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் அங்குச் சாலை அமைக்க வந்திருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரைத் தெரிந்தனர். மக்கள் முன்பு குடியிராத இடமாதலால் பழைய தொற்று எஞ்சியிருக்கும் என்று கூற வழியில்லை. ஜாவானியர் தமிழரும் அல்லர், சீனரும் அல்லர். ஆகவே இனக்காரணமும் எழவில்லை. ஒரு குழுவினர்க்கு வெள்ளைப் பச்சரிசி, மற்றொரு குழுவினர்க்குப் புழுங்கலரிசி. ஏறத்தாழ மூன்று மாதங்களில் பச்சரிசிக் குழுவில் பெரிபெரி தோன்றியது. அரிசியை மாற்றியதும் புதிதாக எவரும் நோயுறவில்லை. புழுங்கலரிசி உண்டோர் நோய் கண்ட இடத்திலேயே தங்கியபோதும் அவர்களை நோய் தொற்றவில்லை. கிருமிக் கொள்கையும் இடக் கொள்கையும் ஒருங்கே வலுவிழந்தன.

இச்சோதனையைப் பாராட்டி எழுதுவோர் ஒன்றைக் கடந்து சென்றுவிடுகின்றனர். அத்தொழிலாளர் ஒப்பந்தத்தால் பிணிக்கப்பட்டவர்கள். எந்த அரிசியை உண்பது எனத் தெரிந்துகொள்ளும் நிலை அவர்களுக்கு இல்லை. மனநோய் மருத்துவமனையில் இருந்தோரின் நிலையும் அதுவே. இன்றைய ஆய்வு அறநெறி இவ்விரு சோதனைகளில் எதனையும் ஏற்காது. நாம் அறிந்துள்ள உண்மைக்கு அவர்கள் தம் உடலால் விலை கொடுத்துள்ளனர்.

பிரேசரும் ஸ்டாண்டனும் பின்னர் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து, தீட்டும்போது நீங்கும் தவிட்டில்தான் காக்கும் பொருள் உள்ளது என நிறுவினர். 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியைத் தொடர்ந்து உண்பதே பெரிபெரியுடன் தொடர்புடையது எனத் தீர்மானித்தது. ஜாவாவில் ஐக்மனும் கிரைன்சும் முன்னரே தொடங்கிய ஆய்வு வழியும் இதனோடு வந்து இணைந்தது. 1926இல் அப்பொருள் தவிட்டிலிருந்து தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதனைத் தயமின் அல்லது உயிர்ச்சத்து பி1 என்கிறோம். அது நீரில் கரைவது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதன் ஒரு பகுதி உமி, தவிட்டுப் பகுதியிலிருந்து அரிசியின் உட்புறத்திற்கு நகர்கிறது, மாவுப்பொருளும் இறுகுகிறது. ஆதலால் பின்னர்த் தீட்டினாலும் முழுவதும் இழக்கப்படுவதில்லை.

இனி, தொடக்கத்தில் குறித்த கூற்றினை நோக்குவோம். புழுங்கலரிசி பெரிபெரியினின்று காத்தது என்பது சோதனையில் நின்ற உண்மை. அவ்விளைவை அறிந்தே முன்னோர் நெல்லை அவித்தனர் என்பதற்குச் சான்றில்லை. அவித்த நெல்லில் உமி எளிதில் நீங்கும். குத்தும்போது அரிசி நொய்யாகாது. பூச்சி அரிப்பும் குறையும். உழவர்க்கு இக்காரணங்களே போதுமானவை. அவற்றைச் சிறியனவாகக் கருதி, இல்லாத உயிர்ச்சத்து ஞானத்தை அவர்கள்மேல் ஏற்றுவது பெருமையாகாது. தம் காரணத்திற்காகச் செய்த செயல் வேறொரு நன்மையையும் தந்தது என்பதே வரலாறு காட்டுவது.

தோட்டத் தமிழர் நோயின்றி வாழ்ந்தனர் என்பது இதனினும் பெரிய புனைவு. பெரிபெரியினின்று தப்பியவர்களை மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் மாய்த்தன. கோலா பிலா போன்ற மலைசார் நிலங்களில் காட்டை அழித்துத் தோட்டமிட்டபோது மலேரியா பெருகியது. அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் இனம்பெருக்குவது. மரநிழலை அகற்றிய கோடரியே அதற்கு இடமமைத்துக் கொடுத்தது. மால்கம் வாட்சன் இதனை விளக்கும்வரை, காட்டை அழித்தால் காய்ச்சல் ஒழியும் என்றே நிருவாகம் நம்பியது. லயத்து மக்களோ ஊர்த்தண்ணீர் மாறியதால் வந்த காய்ச்சல் என்றனர். இருசாராரும் தவறினர், மாண்டவர் ஒருசாரார் மட்டுமே.

தமிழர் உடற்கூற்றுக்கே பெரிபெரியைத் தாங்கும் வலிமை உண்டு என்ற கருத்தினைச் சயாம் மரண ரயில் பாதை முற்றாக அழித்தது. 1942க்கும் 1945க்கும் இடையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். தீட்டிய அரிசியும் போதாத உணவுமாக வாழ்ந்த அம்முகாம்களில் காலரா, மலேரியாவுடன் பெரிபெரியும் அவர்களைத் தாக்கியது. தோட்டத்திலே அவர்களைக் காத்தது குருதியன்று, குறிப்பிட்ட ஒரு வகை அரிசி.

அவ்வரிசியின் புகழ் இன்று நீரிழிவுக்கு நீட்டப்படுகின்றது. வெள்ளைப் பச்சரிசியோடு ஒப்பிடின் சில புழுங்கலரிசி வகைகள் குருதிச் சர்க்கரையைச் சற்று மெதுவாக உயர்த்துகின்றன என்பது ஆய்வுகளால் தெரிகிறது. எனினும் அந்த அளவு நெல்வகை, அவிக்கும் முறை, தீட்டும் அளவு ஆகியவற்றைப் பொறுத்து மாறுவது. எவ்வகை அரிசியும் நீரிழிவைக் குணப்படுத்தியதாக நிறுவப்படவில்லை. உண்ணும் சோற்றின் அளவும் பொருட்டாகும். அன்றியும் இன்று கடைகளில் விற்கப்படும் புழுங்கலரிசியுள் பெரும்பகுதி ஆலையில் நன்கு தீட்டப்பட்டதே. புழுங்கல் என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும் சொல் நெல் அவிக்கப்பட்டதை மட்டுமே கூறுகிறது. எவ்வளவு தவிடு எஞ்சியுள்ளது என்பதை அன்று.