கோபி பிரயன்ட் அணி மாற்றச் சர்ச்சை (2007)

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் (என்பிஏ) புகழ்பெற்ற வீரர்களுள் ஒருவரான கோபி பிரயன்ட், 2007ஆம் ஆண்டு மே 30 அன்று, தம்மை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியிலிருந்து வேறோர் அணிக்கு மாற்றிவிடுமாறு வானொலி நேர்காணலில் வெளிப்படையாகக் கேட்டார். அன்று முதல் ஐந்து மாதங்கள் அவர் எந்த அணிக்குச் செல்வார், அவருக்கு ஈடாக யார் வருவார்கள், அவரை அனுப்புவது சரியா என்ற விவாதம் கூடைப்பந்து இரசிகர்களிடையே ஓயாமல் நடந்தது. முடிவில் அவர் எங்கும் செல்லவில்லை. ஒரு வீரர் பரிமாற்றத்தின் நன்மை தீமைகளை அது பேசப்படும் வேளையிலேயே கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நடக்காத இந்த மாற்றம் ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

வீரர் பரிமாற்ற முறை

ஐரோப்பியக் காற்பந்தில் ஓர் அணி பெருந்தொகை கொடுத்து இன்னோர் அணியின் வீரரை வாங்கிக்கொள்ளும். என்பிஏவில் அவ்வாறு வாங்குவதில்லை. ஒரு வீரரைக் கொடுத்து வேறு வீரர்களையோ, வருங்காலப் புதுவீரர் தேர்வில் கிடைக்கும் வாய்ப்பையோ ஈடாகப் பெறுவதே வழக்கம். பரிமாறப்படும் வீரரின் சம்மதத்தை அணி கேட்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் எழும்போது தாம் வேறொரு நகரத்தின் வீரராகிவிட்டதை அறிந்தவர்கள் பலர்.

முற்காலத்தில் வீரர்களின் நிலை இதைவிடக் கடினமாக இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரர் பழைய அணிக்கே கட்டுப்பட்டவராகக் கருதப்பட்டார். 1970இல் வீரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கார் ராபர்ட்சன் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின் மூலம் இக்கட்டு தளர்ந்தது. 1988இல், ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பிய அணியில் தடையின்றிச் சேரும் உரிமை நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு முதலில் அணி மாறியவர் சியாட்டிலில் இருந்து ஃபீனிக்ஸ் சென்ற டாம் சேம்பர்ஸ் ஆவார். ஆயினும் ஒப்பந்தக் காலத்தின் நடுவில் ஒரு வீரர் தாமாக விலகிச் செல்ல முடியாது. அவரால் செய்யக்கூடியது, தம்மை மாற்றும்படி கேட்பது மட்டுமே.

ஆட்டப் பருவம் அக்டோபர் இறுதியில் தொடங்கி ஜூனில் முடியும். ஆட்டம் இல்லாத கோடை மாதங்களில்தான் இத்தகைய கோரிக்கைகளும் அவற்றைச் சுற்றிய வதந்திகளும் பெருகும்.

லேக்கர்ஸ் அணியும் பெரிய பரிமாற்றங்களும்

இவ்வகை விவாதத்தில் லேக்கர்ஸ் இரசிகர்கள் நெடுங்காலம் வாங்கும் பக்கத்தில் இருந்தவர்கள். 1968இல் வில்ட் சேம்பர்லைன் பிலடெல்பியாவிலிருந்து லேக்கர்ஸுக்கு வந்தார். அவரைக் கொடுத்து மூன்று வீரர்களைப் பெற்ற பிலடெல்பியா, ஐந்தாண்டுகளுக்குள் ஒரு பருவத்தின் 82 ஆட்டங்களில் 9இல் மட்டுமே வென்ற அணியாகச் சரிந்தது. 1975இல் கரீம் அப்துல்-ஜப்பார் தாமே கேட்டுக்கொண்டதன் பேரில் மில்வாக்கியிலிருந்து லேக்கர்ஸுக்கு மாற்றப்பட்டார். ஈடாக நான்கு வீரர்களைப் பெற்ற மில்வாக்கி மீண்டும் சாம்பியன் ஆக 2021 வரை காத்திருந்தது.

பிரயன்ட் லேக்கர்ஸுக்கு வந்ததும் ஒரு பரிமாற்றத்தின் மூலமே. 1996ஆம் ஆண்டுப் புதுவீரர் தேர்வில் 13ஆவது இடத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தது ஷார்லட் அணி. விளாடே டிவாட்ஸ் என்ற அனுபவமிக்க நடுவரிசை வீரரைக் கொடுத்து, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பிரயன்டை லேக்கர்ஸ் பெற்றுக்கொண்டது.

கொடுக்கும் பக்கத்தின் வலியை லேக்கர்ஸ் இரசிகர்கள் 2004இல் உணர்ந்தனர். பயிற்சியாளர் பில் ஜாக்சனின் கீழ் 2000, 2001, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் அணியைச் சாம்பியனாக்கிய ஷகீல் ஓநீலும் பிரயன்டும் ஒத்துப்போக முடியாத நிலையை அடைந்திருந்தனர். 2004 ஜூலையில் ஓநீல் மயாமிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த நாளே பிரயன்ட் ஏழு ஆண்டுகளுக்கு 13 கோடியே 64 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தம் சம்மதமின்றித் தம்மை வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற, மிகச் சிலருக்கே கிடைக்கும் மறுப்புரிமையும் அதில் இடம்பெற்றிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 2006இல், மயாமி ஓநீலுடன் சாம்பியன் ஆனது.

சர்ச்சையின் பின்னணி

ஓநீல் சென்ற பின் லேக்கர்ஸ் தளர்ந்தது. 2004-05 பருவத்தில் 34 வெற்றி, 48 தோல்வியுடன் இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. பிரயன்டின் தனி ஆட்டமோ உச்சத்தில் இருந்தது. 2006 ஜனவரி 22 அன்று டொராண்டோவுக்கு எதிராக அவர் 81 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி ஆட்டத்திற்கு 35.4 புள்ளிகள். ஆனாலும் 2006, 2007 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸிடம் அணி தோற்றது.

அணி நிர்வாகம் இளம் வீரர்களை வளர்த்தெடுக்க விரும்பியது. 2005இல் 17 வயதில் தேர்வான ஆண்ட்ரூ பைனம் அவர்களுள் முக்கியமானவர். 2007 பிப்ரவரியில் நியூ ஜெர்சி அணியின் ஜேசன் கிட்டைப் பெறும் வாய்ப்பு வந்தபோது, ஈடாகப் பைனமைக் கொடுக்க லேக்கர்ஸ் மறுத்தது. 28 வயதை எட்டியிருந்த பிரயன்ட், தம் சிறந்த ஆண்டுகள் காத்திருப்பிலேயே கழிவதாகக் கருதினார். ஓநீல் வெளியேறியதற்குப் பிரயன்டே காரணம் என அணியின் உள்வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் கூறியதாக மே இறுதியில் வெளியான நாளிதழ்ச் செய்தி அவரை மேலும் சினங்கொள்ளச் செய்தது.

மே 30 வானொலி நேர்காணலில் தம்மை மாற்றும்படி கேட்டவர், அன்றே மற்றொரு நேர்காணலில் சற்று இறங்கிவந்தார். பின்னர் மீண்டும் தம் கோரிக்கையில் உறுதியாக நின்றார். பொதுமேலாளர் மிட்ச் கப்சாக்கையும் பைனமையும் அவர் கடிந்து பேசிய காட்சி ஒன்று இரசிகர்களின் கைப்பேசி ஒளிப்படக் கருவியில் பதிவாகி, பின் இணையத்தில் பரவியது.

இரசிகர்களின் இரு தரப்பு

அந்தக் கோடையில் லேக்கர்ஸ் இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். ஒரு தரப்பினர் பிரயன்டை அனுப்பிவிடலாம் என்றனர். ஓநீலை இழந்து இவரை வைத்துக்கொண்டோம், பெரிய ஒப்பந்தமும் மறுப்புரிமையும் கொடுத்தோம், இப்போது இவரே போக விரும்பினால் விலை இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது என்பது அவர்களின் வாதம். 2009இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை பிரயன்டுக்கு இருந்ததால், காத்திருந்தால் ஈடின்றி இழக்க நேரும் என்ற அச்சமும் இருந்தது.

மற்றொரு தரப்பினர், இத்தகைய வீரருக்குச் சரியான ஈடு என ஒன்று கிடையாது என்றனர். சேம்பர்லைன், அப்துல்-ஜப்பார் ஆகியோரைக் கொடுத்த அணிகளின் கதையும், முந்தைய ஆண்டு மயாமி பெற்ற வெற்றியும் அவர்களுக்குச் சான்றாயின. நல்ல வீரர்கள் நால்வர் சேர்ந்தாலும் ஒரு தலைசிறந்த வீரருக்கு இணையாக மாட்டார்கள். களத்தில் ஒரே நேரத்தில் ஓர் அணிக்கு ஐவர் மட்டுமே நிற்கும் விளையாட்டில் இது கூடுதல் உண்மை என்பது அவர்களின் கருத்து.

இரு தரப்பும் அறிய முடியாத ஒன்று இருந்தது. பைனம் எத்தகைய வீரராக வளர்வார் என்பதும், எந்த அணி யாரைக் கொடுக்க முன்வரும் என்பதும் அப்போது எவருக்கும் தெரியாது.

மாற்றம் நடைபெறாததற்கான காரணங்கள்

பிரயன்ட் விரும்பிய அணியாகச் சிகாகோ புல்ஸ் பேசப்பட்டது. 2006-07 பருவத்தில் 49 ஆட்டங்களில் வென்ற அவ்வணி, முதல் சுற்றில் நடப்புச் சாம்பியனான மயாமியை நான்கு ஆட்டங்களிலும் தோற்கடித்திருந்தது. அதன் இளம் வீரர் லுவோல் டெங் ஈடாக வர வேண்டும் என லேக்கர்ஸ் எதிர்பார்த்தது. டெங் போய்விட்டால் தாம் சேரும் அணி வலுவிழந்துவிடும் என்பதால் பிரயன்ட் அதை விரும்பவில்லை. டெட்ராய்ட் அணியுடன் பேச்சு முன்னேறியும், பிரயன்ட் தம் மறுப்புரிமையால் அதை நிறுத்தினார் எனப் பின்னாளில் தெரியவந்தது.

ஊதிய விதியும் தடையாயிற்று. ஊதிய வரம்பைக் கடந்த அணிகள் பரிமாற்றம் செய்யும்போது, இருபுறமும் செல்லும் வீரர்களின் ஊதியம் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 1.95 கோடி டாலர் பெறும் ஒருவரை மாற்ற, மறுபுறம் பல வீரர்களைச் சேர்த்தாக வேண்டும். அவ்வாறு சேர்த்தால் பிரயன்ட் செல்லும் அணியில் அவருடன் விளையாடத் தரமான வீரர்கள் எஞ்சமாட்டார்கள். வெல்லும் அணியைத் தேடிய வீரருக்கு, அவரைப் பெறும் அணி பெறும்போதே பலமிழப்பது பயன் தராது. மறுப்புரிமை அவரிடம் இருந்ததால் இச்சிக்கல் கடைசி வரை தீரவில்லை.

அக்டோபரில் அணியின் உரிமையாளர் ஜெர்ரி பஸ், பிரயன்டுக்காக வரும் வாய்ப்புகளைக் கேட்கத் தயார் என்று கூறியதால் வதந்தி மீண்டும் வலுத்தது. அக்டோபர் 30 அன்று பருவத்தின் முதல் ஆட்டம் சொந்த அரங்கில் நடந்தது. வீரர்களை அறிமுகப்படுத்தியபோது பிரயன்டின் பெயருக்கு அரங்கின் பல பகுதிகளிலிருந்து எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அன்று அவர் 45 புள்ளிகள் எடுத்தும், ஹூஸ்டனிடம் 93-95 என லேக்கர்ஸ் தோற்றது.

திருப்பம்

பருவம் நகர்ந்தபோது நிலைமை மாறியது. பழைய தோழர் டெரெக் ஃபிஷர் அந்தக் கோடையிலேயே அணிக்குத் திரும்பியிருந்தார். பிரயன்ட் கடிந்து பேசிய பைனம், முதல் 35 ஆட்டங்களில் சராசரியாக 13.1 புள்ளிகளும் 10.2 மீள்பந்துகளும் எடுத்து முன்னேறினார். 2008 ஜனவரியில் பைனம் முழங்காலில் காயமடைந்தார். பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் அணியிலிருந்து ஸ்பெயின் நாட்டு வீரர் பாவ் காசோலை லேக்கர்ஸ் பெற்றது. காசோல் விளையாடிய 27 ஆட்டங்களில் அணி 22இல் வென்றது. 57 வெற்றிகளுடன் மேற்குப் பிரிவில் முதலிடம் பெற்றது. பிரயன்ட் முதன்முறையாகப் பருவத்தின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். அந்த ஆண்டு இறுதித் தொடரில் பாஸ்டனிடம் தோற்றாலும், 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளிலும் லேக்கர்ஸ் சாம்பியன் ஆனது. இரண்டிலும் இறுதித் தொடரின் மதிப்புமிக்க வீரர் பிரயன்டே. அவர் அனுப்பிவிடச் சொன்ன பைனமும், கடிந்து பேசிய கப்சாக் கொண்டுவந்த காசோலும் அந்த வெற்றிகளில் பங்கேற்றனர்.

சிகாகோவின் கதை வேறாயிற்று. எவர் அனுப்பப்படுவார் என்று தெரியாமல் பருவத்தைத் தொடங்கிய அவ்வணி 33 வெற்றிகளுடன் சரிந்தது. அந்தச் சரிவுக்கு வதந்திகளும் ஒரு காரணம் எனப் பலர் கருதினர். ஆனால் அச்சரிவால் குலுக்கலில் இடம்பெற்று, 1.7 விழுக்காடு வாய்ப்பே இருந்தும் முதலிடத்தை வென்றது. அவ்வாறு தேர்ந்தெடுத்த டெரிக் ரோஸ் 2011இல் மதிப்புமிக்க வீரர் ஆனார்.

காசோல் பரிமாற்றத்தையும் அன்றே பலர் எடைபோட்டு, மெம்பிஸ் ஏமாந்துவிட்டது என்றனர். ஆனால் மெம்பிஸ் ஈடாகப் பெற்றவற்றுள் பாவ் காசோலின் தம்பி மார்க் காசோல் மீதான உரிமையும் இருந்தது. அவர் 2013இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரராகத் தேர்வானார்.

மதிப்பீடு

2007ஆம் ஆண்டு விவாதத்தில் இரு நியாயங்கள் மோதின. தம் உழைப்புக்குரிய குறுகிய ஆண்டுகளை வெற்றி பெறும் அணியில் கழிக்க ஒரு வீரருக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. ஊர்ப் பெயரைத் தாங்கிய அணியை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் இரசிகருக்கு அந்த வீரரிடம் எதிர்பார்ப்பு உண்டு என்பது மற்றொன்று. வீரரிடம் மறுப்புரிமை இருந்தது. உரிமையாளரிடம் முடிவு இருந்தது. இரசிகரிடம் இருந்தது குரல் மட்டுமே. முதல் ஆட்டத்தில் எழுந்த கூச்சல் அக்குரலின் வெளிப்பாடாகும்.

பிரயன்ட் இருபது பருவங்களும் லேக்கர்ஸுக்காகவே விளையாடி, 2016 ஏப்ரல் 13 அன்று தம் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்து ஓய்வு பெற்றார். 2017 டிசம்பர் 18 அன்று அவர் அணிந்த 8, 24 ஆகிய இரு எண்களையும் இனி எவருக்கும் வழங்குவதில்லை என லேக்கர்ஸ் அறிவித்து, அந்தச் சட்டைகளை அரங்கின் மேலே ஏற்றியது. 2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் அவரும் அவருடைய மகள் ஜியானாவும் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தபோது, இரசிகர்கள் மலர்களுடன் திரண்டது அதே அரங்கின் வாசலில்தான். 2007 அக்டோபரில் அவருடைய பெயருக்குக் கூச்சல் எழுந்ததும் அங்கேதான்.