கம்பம் பள்ளத்தாக்கில் ஆள்கடத்தல் தடுப்பும் மீட்கப்பட்டோர் மறுவாழ்வும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஆள்கடத்தல் பெரும்பாலும் வேலைக்கு ஆள் சேர்ப்பதாகவே நடக்கிறது. வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, சிறுவர்களையும் இளம்பெண்களையும் வெளியூர் வேலைக்கு அழைத்துப் போய், அந்தக் கடனைக் காட்டியே திரும்பவிடாமல் வைத்திருப்பது இதன் வழக்கமான முறை. அழைத்துப் போகிறவர் முகம் தெரியாதவர் அல்ல. உறவினராகவோ பக்கத்துத் தெருக்காரராகவோ இருப்பார். ஊரார் கண்ணுக்கு அது கடத்தலாகப் படாததற்கு முதல் காரணம் இதுதான்.

தேனி நகரை ஒட்டி, கம்பம் சாலையில், முல்லைப் பெரியாற்றங்கரையில் அமைந்த பேரூராட்சியான பழனிசெட்டிபட்டியிலிருந்து பார்த்தால் ஆட்கள் போகும் வழிகள் தெளிவாகும். இங்கிருந்து மேற்கே போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் பாதை. கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் மதுரை. வடக்கே திண்டுக்கல் வழியாகக் கோவை, திருப்பூர் பஞ்சாலைகள். பிழைப்பு தேடிப் போகும் வழிகளும் ஆள் பிடிப்பவர்களின் வழிகளும் ஒன்றே.

பழைய வேர்

முன்பணம் கொடுத்து ஆள் கட்டுவது இந்த மண்ணில் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கும் மேற்கு மலைத் தேயிலைக் காடுகளுக்கும் பழைய மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிய காலத்தில், பயணச் செலவே தொழிலாளியின் முதல் கடன். இலங்கையில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, கடன் பாக்கி எழுதிய 'துண்டு' தேவைப்பட்டது; புதிய துரை அதை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவரைத் தண்டிக்க வழிசெய்த 1859ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டம் 1925 வரை நீடித்தது. சட்டம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

பஞ்சாலை விடுதிகள்

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் பரவலாக இருந்த 'சுமங்கலித் திட்டம்' இதன் பெரிய நவீன வடிவம். மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றும் பெயர்கள் உண்டு. திருமணத்தைப் பெயரிலேயே வைத்தது, மகளின் நகைக்கும் சீருக்கும் பணம் தேடும் பெற்றோரைக் குறிவைத்துத்தான். மூன்று ஆண்டு ஒப்பந்தம். முடிவில் 30,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய் வரை மொத்தத் தொகை. கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் புரோக்கருக்குக் கமிஷன். வந்தவர்களில் 14, 15 வயதுச் சிறுமிகளும் தலித் குடும்பத்துப் பெண்களும் அதிகம்.

அந்த மொத்தத் தொகை தானமல்ல. மாதச் சம்பளத்தில் பிடித்து வைத்த கூலிதான். பஞ்சுத் தூசியில் நின்று ரிங் ஃபிரேமில் அறுந்த நூலைக் கட்டும் பெண், அரைநைட் ஷிப்டும் முழுநைட் ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கிறாள். விடுதிக்கு வெளியே தனியாகப் போக முடியாது. வீட்டுக்குப் பேசுவது வார்டன் முன்னிலையில். இரண்டரை ஆண்டில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினால் மொத்தத் தொகை கிடைக்காமலே போகும். பூட்டிய கதவைவிட இந்தக் கணக்குதான் பலரை உள்ளே நிறுத்தியது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு மையம், நெதர்லாந்து இந்தியக் குழு ஆகிய அமைப்புகள் 2011, 2014 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வறிக்கைகள் இதை உலகச் சந்தையின் பார்வைக்குக் கொண்டுசென்றன. பிறகு அந்தப் பெயர் சுவரொட்டிகளிலிருந்து மறையத் தொடங்கியது. விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் 'கேம்ப் கூலி' முறை தொடர்ந்தது. இப்போது அந்த விடுதிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பெண்களும் இருக்கிறார்கள். தமிழ் தெரியாத அவர்கள் உதவி கேட்பது இன்னும் கடினம்.

ஆண்பிள்ளைகளின் கதை வேறு. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வட்டாரங்களிலிருந்து வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குச் சிறுவர்கள் அனுப்பப்பட்டார்கள். விடியும் முன்பே தொடங்கும் வேலை, எண்ணெய்ச் சட்டிக் காயங்கள், மொழி தெரியாத ஊர். பலருக்கு முதலாளி சொந்த வட்டாரத்துக்காரரே என்பது இதில் கசப்பான பகுதி. ஏலத்தோட்டத்துக்கு அதிகாலை ஜீப்பில் போய் மாலையில் திரும்பும் கூலி வேலையை இவற்றோடு சேர்த்துவிடக் கூடாது. ஆனால் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை அந்த ஜீப்பில் இருந்தால் அது குழந்தை உழைப்பு.

சட்டம்

அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு ஆள் வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கடனையே ரத்து செய்கிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவில், குழந்தையைக் கடத்தினால் குறைந்தது பத்தாண்டுச் சிறை. கடத்தப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் அங்கே செல்லாது. "பெற்றோரே கையெழுத்துப் போட்டார்கள்" என்பதும் தப்ப வழியாகாது, ஏனெனில் பொறுப்பில் உள்ளவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதையே அப்பிரிவு கடத்தலின் வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது.

மீட்புக்குப் பின்

மீட்கப்பட்டவருக்கு முதலில் வேண்டியது விடுதலைச் சான்று. விசாரித்து அதை வழங்குபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பழனிசெட்டிபட்டிக்குப் பெரியகுளம் கோட்டம், கம்பம், சின்னமனூர் பக்கத்துக்கு உத்தமபாளையம் கோட்டம். ஒன்றிய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை; பிறகு வயது வந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு உள்ளானோருக்கு மூன்று லட்சம். உடனடி உதவி வழக்கைச் சார்ந்ததல்ல. பெரிய தொகையோ குற்றம் நிரூபணமாவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது, அதே குடும்பம் அதே புரோக்கரிடம் மீண்டும் கை நீட்டுகிறது. இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

18 வயதுக்குக் கீழானவரை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பணத்தோடு தீராத வேலையும் உண்டு: நின்றுபோன படிப்பைத் தொடரவைப்பது, நுரையீரலுக்கு வைத்தியம், பிடித்து வைத்த கூலியை வாங்கித் தருவது. ஊர் திரும்பிய பெண்ணைப் பற்றித் தெருவில் எழும் பேச்சை எந்த அலுவலகமும் தடுக்காது. அங்கே கைகொடுக்கக் கூடியவை மகளிர் குழுவும் அங்கன்வாடியும்தான்.

ஊர் அளவில் தடுப்பு

ஊராட்சியிலும் பேரூராட்சி வார்டுகளிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் உண்டு. பல இடங்களில் கையெழுத்து நோட்டோடு நின்றுவிடுகின்றன. பயன் தரும் வேலை எளியது. எட்டாம், பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகளின் பெயரைப் பள்ளி குழுவுக்குத் தர வேண்டும். கோடை விடுமுறையிலும் கல்யாண மாதங்களுக்கு முன்பும் ஊருக்குள் வரும் ஏஜென்டை விசாரிக்க வேண்டும். நம்பகமான குறைந்த வட்டிக் கடன் மகளிர் குழு வழியாகக் கிடைத்தால் முன்பணத்தின் பிடி தளரும்.

வேலைக்கு அனுப்பும் முன் நிறுவனத்தின் முகவரியையும் மாதச் சம்பளத்தையும் எழுத்தில் வாங்குங்கள். மொத்தத் தொகை என்ற பேச்சு வந்தாலே சந்தேகப்படுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112 ஆகிய எண்களில் அழைக்கலாம்.