மந்திர ஏடுகளும் வாழும் நூல்களும்

எழுத்தை அறிந்த மக்களிடையே, சில நூல்களில் மந்திர ஆற்றல் உறைகின்றது என்னும் நம்பிக்கை பல நாடுகளிலும் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஏட்டைத் தீண்டுமுன் கை கழுவுவதும், கலைமகள் விழாவில் நூல்களை அடுக்கிப் பூவிட்டு வணங்குவதும் அந்நம்பிக்கையின் எச்சங்களே.

கணினி யுகத்திலும் இக்கருத்து மறைந்துவிடவில்லை. அமெரிக்காவில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஆக்கி 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மிஸ்ட்’ என்னும் கணினி விளையாட்டு இதற்குச் சான்றாகும். அதிற் போரில்லை, விரைவுமில்லை. ஆளரவமற்ற தீவொன்றில் வந்து சேரும் ஆட்டக்காரர் அங்கே ஒரு நூலகத்தைக் காண்கின்றார். ஏடுகளிற் பெரும்பாலானவை எரிந்து கிடக்கின்றன. எஞ்சிய சிலவற்றைப் பொறுமையுடன் படித்தே கதையின் முடிச்சை அவிழ்த்தல் வேண்டும். சில நூல்கள் தம்மைத் தொட்டவரைத் தாம் வருணிக்கும் உலகுக்கே கொண்டு செல்லும். வேறு இரு நூல்களோ, சிதறிய தாள்களைத் தேடிச் சேர்த்து அவற்றை நிறைவு செய்பவரையே சிறைப்படுத்தும். கற்பனைதான், எனினும் அதனுள் வினாவொன்று மறைந்து கிடக்கின்றது. நூலின் ஆற்றல் எங்கே உள்ளது? ஏட்டிலா, அதைப் பயில்வாரிடத்திலா? இவ்வினாவுக்கு நம் நாட்டு வரலாறு தரும் விடையை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இருப்புப்பாதை கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மாத்தளையைச் சென்றடைகின்றது. மாத்தளைக்குச் சற்று வடக்கே அலுவிகாரைக் குகைகள் உள்ளன. அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த திரிபிடகமும் அதன் உரையும், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்திலே எழுத்தில் ஏற்றப்பட்டன என்று மகாவம்சம் கூறும். அது நிகழ்ந்த இடம் அலுவிகாரை என்பது பிற்கால மரபு. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. ஓதுவார் மடிந்தால் ஓதப்படுவதும் மடியும் என்னும் அச்சமே துறவியரை எழுத்தாணி ஏந்தச் செய்தது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படையினரால் அவ்விகாரை சேதமுற்றது. அங்கிருந்த சுவடிகள் அழிந்தன. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. நூற்றாண்டு தோறும் அதைப் படியெடுத்தோர் பிற விகாரைகளிலும் கடல் கடந்த பர்மா, சீயம் ஆகிய நாடுகளிலும் அதைப் பரப்பியிருந்தனர்.

இதனோடு மலைநாட்டு மந்திரச் சுவடிகளை ஒப்பிட்டு நோக்குக. தாளிப்பனையின் இளவோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியாற் கீறி, கரியும் எண்ணெயும் தடவி எழுத்தை விளங்கச் செய்வது இங்குள்ள சிங்கள மக்களின் முறை. சமய நூலுக்கும் மந்திர நூலுக்கும் ஓலை ஒன்றே. கையாளும் முறையே வேறு. கட்டாடியாரின் சுவடிகளிலும் தமிழ் மந்திரவாதியரின் சுவடிகளிலும் பேயச்சம், நோய், விடக்கடி ஆகியவற்றுக்குரிய மந்திரங்களும் இயந்திரக் கட்டங்களும் இடம்பெற்றன. அவை தகுதியுடைய சீடனுக்கன்றிப் பிறர்க்குக் காட்டப்படவில்லை. சித்தர் நூல்களிலோ, ஏடு கையிற் கிடைத்தும் பொருள் விளங்காதபடி பரிபாடைச் சொற்கள் பொருளை மறைத்து நின்றன. ஆசானின் வாய்ச்சொல்லே அதைத் திறக்கும் திறவுகோல். ஆசான் மறைந்து சீடனும் இலனாயின், ஏடு எஞ்சினும் அது பூட்டிய பெட்டியே. ஆங்கில ஆட்சிக் காலத்தில் இலங்கைச் சிவில் சேவையிற் பணியாற்றிய ஹியூ நெவில் திரட்டிய 2,200க்கும் மேற்பட்ட சுவடிகள் இன்று இலண்டனில் உள்ளன. தேடித் திரட்டுவோர் கண்ணிற் படாத ஏடுகளோ கறையானுக்கு இரையாயின.

பூட்டிவைத்தலின் தீங்கைத் தமிழ்ச் சைவ மரபும் நன்கு அறியும். திருஞானசம்பந்தரின் ஏடு அனலில் வேகாது நின்றது, வையைப் புனலை எதிர்த்துச் சென்றது என்று பெரியபுராணம் பாடும். அத்தகைய தெய்வ ஏடுகளே தில்லையில் மூவர் கையடையாளத்துடன் பூட்டப்பட்டுக் கிடந்தபோது, புற்று மூடி, பெரும்பகுதி செல்லரித்துப் போயின என்று திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது. தீயை வென்ற ஏடு செல்லுக்குத் தோற்றது! சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டெடுத்தவை கோயில்தோறும் ஓதப்பட்டமையாலேயே இன்றும் நம் செவிக்கு எட்டுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த உண்மையை நெஞ்சிற் கொண்டு உழைத்தவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. எடுக்கும்போது ஓரம் ஒடியும் ஏடுகளைக் கண்டு வருந்திய அப்பெரியார், 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஓரேடு ஆயிரம் படியாகிய அந்த நிகழ்ச்சியினும் சிறந்த மந்திரம் வேறு யாதுளது?

இதற்கு மறுதலையான துயரும் நம் நினைவில் உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்திற் படியுள்ள அச்சு நூல்களை மீண்டும் வாங்கி அடுக்கலாம். படியெடுக்கப்படாத ஏட்டை எவரால் மீட்டல் இயலும்?

ஆகவே, நூலின் ஆற்றல் ஓலையிலும் இல்லை. அதைச் சூழ்ந்த மறைவிலும் இல்லை. ஓதுதல், படியெடுத்தல், பிறர்க்களித்தல் என்னும் மூன்றுமே அதற்கு உயிர் கொடுப்பவை. மலைநாட்டுத் தோட்டங்களிலும் ஊர்களிலும் பரண்மேல் உறங்கும் சுவடிகள் இன்னும் சில இருத்தல் கூடும். பூசைக்குரிய பொருளாக மட்டும் அவற்றைப் போற்றுதல் போதாது. மாணவர் அவற்றைத் தேடிச் சென்று, உடையவர் இசைவு பெற்று, ஒளிப்படப் படியேனும் எடுத்து வைப்பாராயின், அதுவே கலைமகளுக்குச் செய்யும் உண்மை வழிபாடாகும்.