மணிக்கூடும் நாணயமும்



உயர்தரக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்க விரும்புபவர் ஒரு விந்தையைக் காண்கிறார். முகப்பிலுள்ள பெயர் ஒன்று; உள்ளே ஓடும் பொறியும் ஒன்று; ஆயினும் விலை இரண்டு. உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற முகவர் ஒரு விலை சொல்கிறார். அத்தகைய அங்கீகாரம் எதுவுமில்லாத வேறொரு வியாபாரி அதே மணிக்கூட்டை அதனிலும் கணிசமாகக் குறைந்த விலைக்குத் தர முன்வருகிறார். இவ்விருவரில் எவரிடம் வாங்குவது அறிவுடைமை? இக்கேள்வி இன்று பிறந்தது போலத் தோன்றினும், இதன் பின்னால் நெடியதொரு வரலாறு உண்டு. அதனை அறிந்தவர்க்கே இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் பொருள் நன்கு விளங்கும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீளும் நமது கரையோர ஊர்களில் மணிக்கூடு வெறும் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. ஐவேளைத் தொழுகையும், ஸஹர் முடிவும், நோன்பு திறக்கும் வேளையும் நேரத்தோடு பிணைந்தவை. வானொலியின் நேர ஒலியைக் கேட்டு மணிக்கூட்டைத் திருத்திக் கொள்வது பல இல்லங்களில் அன்றாட வழக்கமாயிருந்தது. மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்புகளிலும் கைக்கடிகாரத்துக்கு ஓரிடம் உண்டு. இங்கே நல்லதொரு மணிக்கூடு என்பது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாகும். அதிலே ஏமாற்றம் நேர்ந்தால் பணத்தோடு மானமும் போய்விடும்.

முதலில், அங்கீகாரம் பெற்ற முகவர் என்னும் முறை வலுப்பெற்ற வரலாற்றைப் பார்ப்போம். முதலாம் உலகப் போருக்குப் பின் கைக்கடிகாரம் அணியும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. அக்காலத்தில் சுவிற்சர்லாந்திலிருந்து பொறிகளின் உறுப்புகள் தனித்தனியாக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மலிவாகப் பொருத்தி விற்கப்பட்டன. விலை சரிந்தது, தொழிலாளர் வேலை இழந்தனர். எனவே 1934ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசே தலையிட்டு, அனுமதியின்றிப் புதிய மணிக்கூட்டுத் தொழிற்சாலை தொடங்குதலையும், உறுப்புகளை விருப்பம்போல் ஏற்றுமதி செய்தலையும் தடுத்தது. உற்பத்தியாளர்கள் தமக்குள் விலை உடன்பாடுகளும் செய்து கொண்டனர். இக்கட்டுப்பாடுகள் தமது வணிகத்தைப் பாதிக்கின்றன என்று ஐக்கிய அமெரிக்கா 1954இல் வழக்குத் தொடுக்க, 1962இல் அந்நாட்டு நீதிமன்றம் அவற்றுட் பலவற்றைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. சுவிற்சர்லாந்திலும் 1961 தொடக்கம் அக்கட்டுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன.

கட்டுகள் தளர்ந்தாலும் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு நாட்டில் தம் பொருளை விற்கும் உரிமையைக் குறிப்பிட்ட ஒருவருக்கே அளிப்பது அவ்வழக்கம். அவரையே ஏக முகவர் என்றனர். உதிரி உறுப்புகளை இருப்பில் வைத்தல், திருத்துநருக்குப் பயிற்சியளித்தல், பழுது நேர்ந்தால் பொறுப்பேற்றல் ஆகியன அவர் கடமைகள். அவர் கேட்கும் கூடிய விலையில் இக்கடமைகளுக்கான செலவும் அடங்கியிருந்தது. போட்டியில்லாததால் கிடைத்த மிகை இலாபமும் அதில் அடங்கியிருந்தது. இவ்விரண்டையும் ஒருசேர நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, மலிவு விலை பிறந்த வழிகளைக் காண்போம். முதலாவது வழி சுங்கத் தீர்வையற்ற துறைமுகம். ஏடன் துறைமுகம் 1850ஆம் ஆண்டு முதல் தீர்வையற்ற துறைமுகமாக விளங்கிற்று. இங்கிலாந்துக்கும் இலங்கைக்குமிடையே கப்பலிற் சென்றவர்கள், 1967இல் பிரித்தானியர் அங்கிருந்து வெளியேறும் வரை, அத்துறையில் இறங்கிக் கடிகாரமும் வானொலிப் பெட்டியும் வாங்குவது வழக்கமாயிருந்தது. சிங்கப்பூரின் சேஞ்ச் அலி என்னும் ஒடுங்கிய சந்தில் இந்திய வணிகர் பலர் கடை வைத்து, கப்பல்களில் வந்திறங்கியோரிடம் பேரம் பேசி விற்றனர். அங்கே விலை குறைந்ததற்கு அரசின் தீர்வை இல்லாமையே பெருங் காரணம்.

இரண்டாவது வழி தட்டுப்பாடு. கொரிய யுத்த காலத்தில் இறப்பர் விலை உயர்வால் செழித்த இலங்கையின் அந்நியச் செலாவணி பின்னர் மெலிந்தது. 1960களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 1968இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்து, அத்தியாவசியமற்ற இறக்குமதிகளின் விலையை உயர்த்திற்று. 1969ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை மேலும் உறுதியாக்கிற்று. நேர்வழியில் பொருள் வராதபோது அது பின்வழியால் வரும் என்பது வணிக வரலாறு கற்பிக்கும் பாடம். கடல் கடந்து வந்த உறவினர் கையிலும், கப்பலில் வேலை செய்தோர் பெட்டியிலும் மணிக்கூடுகள் வந்தன. கடத்தல்காரர் மூட்டைகளிலும் வந்தன.

அயலிலுள்ள இந்தியாவிலும் நிலைமை வேறன்று. அங்கே 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், தன் 123ஆம் பிரிவில், தங்கத்தோடு மணிக்கூட்டையும் பெயர் சுட்டிச் சேர்த்துக் கொண்டது. கடத்தற் பொருளென நியாயமாக நம்பி அதிகாரிகள் கைப்பற்றிய மணிக்கூடு அத்தகையதன்று என நிரூபிக்கும் பொறுப்பு, அதனை வைத்திருந்தவர் தலையில் விழுந்தது. சாதாரண வழக்கில் குற்றஞ் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும். இங்கோ மணிக்கூட்டின் உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். கடத்தல் எவ்வளவு பெருகியிருந்தது என்பதற்கு இச்சட்டமே சான்று. பர்மாவிலிருந்து அகதிகளாய்த் திரும்பிய தமிழர்களுக்காக 1960களின் இறுதியில் சென்னைக் கடற்கரைச் சாலையில் உருவான பர்மா பஜார், பின்னாளில் வெளிநாட்டுப் பொருள் மலிவாகக் கிடைக்குமிடமென நாடெங்கும் பெயர் பெற்றதும் இத்தட்டுப்பாட்டின் விளைவே.

மூன்றாவது திருப்பம் 1977ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை பொருளாதாரக் கதவுகளைத் திறந்தபோது நேர்ந்தது. அதே காலத்தில் மத்தியகிழக்கு நாடுகள் வேலைக்கு ஆள் தேடின. நமது கரையோரத்திலிருந்தும் இளைஞர் பலர் சவூதி அரேபியா, கட்டார், குவைத், டுபாய் என்று சென்றனர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்படும் அளவுக்கு அப்பெயர்ச்சி வளர்ந்தது. அவர்கள் திரும்பி வரும்போது யப்பானியச் சீக்கோவும் சிற்றிசனும் வந்தன. கீறல் விழாத மணிக்கூடெனப் புகழ்பெற்ற சுவிற்சர்லாந்து ராடோவும் வந்தது. ராடோவுக்கு இப்பகுதி மக்களிடையே இருந்த மதிப்பைக் கண்டு, அதன் போலிகளும் பின்தொடர்ந்தன. சீக்கோ கம்பனி 1969 டிசம்பரில் மின்கலத்தால் ஓடும் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டபின், மலிவான பொறியொன்றை விலையுயர்ந்த பெயரின் கீழ் ஒளித்து வைப்பது முன்னரிலும் எளிதாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. அங்கீகாரமற்ற வியாபாரியின் வாசலால் வரும் பொருள் மூவகைப்படும். முதலாவது, உற்பத்தியாளரே வேறொரு நாட்டில் விற்ற அசல் மணிக்கூடு. அங்குள்ள முகவர் தம்மிடம் தேங்கிய இருப்பை மொத்தமாகத் தள்ளிவிட, அது கைமாறி இங்கு வருகிறது. இரண்டாவது, அசலேயாயினும் தீர்வை செலுத்தாது கடத்தப்பட்டது. மூன்றாவது, முற்றிலும் போலி, அல்லது பழைய பொறிக்குப் புது முகப்புத் தீட்டியது. மூன்றும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே பளபளப்போடு கிடக்கின்றன. வாங்குபவர் கண்ணுக்கு வேற்றுமை தெரிவதில்லை. அபாயம் இங்கேதான் உள்ளது. மலிவாய் விற்பவரெல்லாம் வஞ்சகர் என்று கூறுவது அநீதி. அவருள் நேர்மையாளர் பலருண்டு. ஆனால் நேர்மையாளரை அடையாளங் காணும் வழி நம்மிடம் குறைவு.

முதலாம் வகையைப் பற்றி மேலைநாட்டு நீதிமன்றங்களும் நெடுங்காலம் வாதிட்டுள்ளன. 1985இல் ஐரோப்பிய நீதிமன்றம் சுவாட்ச் மணிக்கூடுகள் பற்றியதொரு வழக்கில், ஏக விநியோகஸ்தர் மூலம் வாங்கியவருக்கு மட்டுமே உத்தரவாதம் என்று வரையறுப்பது போட்டியைக் கெடுக்கும் எனக் கூறிற்று. ஆயின் 1994இல் கார்ட்டியர் வழக்கில் அதே நீதிமன்றம், தகுதி பார்த்துத் தெரிவுசெய்த வணிகர் மூலமே விற்கும் முறை சட்டப்படி செல்லுமாயின், உத்தரவாதத்தையும் அவ்வணிகரிடம் வாங்கியோருக்கே வரையறுக்கலாம் என்றது. அமெரிக்காவில் கொஸ்ட்கோ என்னும் பெருங்கடை, 1,995 டொலர் விலை குறிக்கப்பட்ட ஒமேகா சீமாஸ்டர் மணிக்கூட்டை 1,299 டொலருக்கு விற்றது. அவை ஒமேகா கம்பனியே வெளிநாட்டில் விற்ற அசல் மணிக்கூடுகள். கம்பனியோ மணிக்கூட்டின் பின்புறத்தில் பொறித்த சிறு சின்னத்துக்குப் பதிப்புரிமை கோரி வழக்காடிற்று. 2010இல் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் நால்வர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். இறுதியில் 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொஸ்ட்கோவுக்குச் சார்பாகத் தீர்த்தது.

அங்கீகாரம் பெற்றோர் பக்கமும் குறையற்றதன்று. தன் முகவர்கள் இணையவழியில் விற்பதைத் தடுத்தமைக்காக ரோலெக்ஸ் கம்பனிக்கு, 2023 டிசம்பரில், பிரான்சின் போட்டி ஆணையம் 9 கோடியே 16 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஆகவே கூடிய விலை கொடுப்பவர் கொடுப்பதெல்லாம் தரத்துக்கே என்று எண்ணிவிடலாகாது.

அப்படியாயின் முடிவு யாது? மணிக்கூடு வாங்கிய அன்றோடு அதன் கதை முடிவதில்லை என்பதை நினைக்க வேண்டும். சாவி கொடுத்தோ கையசைவாலோ ஓடும் பொறியின் எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்ல உலரும். அதனைக் கழற்றித் துப்புரவாக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் முகவரின் முத்திரையும் திகதியும் இல்லாவிடில் உற்பத்தியாளர் இலவசமாகத் திருத்திக் கொடார். இருப்பைத் தள்ளிவிட்ட முகவர் யாரென்று தெரியாதிருக்கச் சில வியாபாரிகள் தொடரிலக்கத்தையே சுரண்டி அழிப்பதுமுண்டு. அவ்வாறு அழிக்கப்பட்ட மணிக்கூடு களவு போனால் அடையாளங் காட்டவும் முடியாது. பின்னொரு நாள் விற்க முயன்றால் விலையும் பெறாது. விலையிற் குறைந்த தொகையோடு இந்த இழப்புகளையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க வேண்டும். சில ஆயிரம் ரூபா மிச்சப்படும் சாதாரண மணிக்கூட்டில் இவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கட்டாரில் இரண்டாண்டு வெயிலில் நின்று உழைத்த பணம் கைமாறும்போது கட்டாயம் பொருட்படுத்த வேண்டும்.

எனவே, முகவரல்லாதவரிடம் வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்பது நன்று. இம்மணிக்கூடு எவ்வழியால் வந்தது, அதற்குச் சுங்கத் தீர்வை செலுத்தப்பட்டதா? பழுதானால் பொறுப்பேற்பவர் யார், அவர் கடை அடுத்த ஆண்டும் அங்கிருக்குமா? பெயரும் தொடரிலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டுத் தருவாரா? இம்மூன்றுக்கும் முகம் மாறாமல் விடையளிப்பவரிடம் வாங்கினால் மலிவு உண்மையான மலிவாகும். விடை மழுப்பலாயின், அங்கீகாரம் பெற்ற முகவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணன்று.

இது விற்பவர்க்கும் உரிய பாடமாகும். தமிழிலே நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நமது கரையோர வணிகர் இரண்டையும் பிரியாது காத்ததாற்றான் தூர ஊர்களிலும் கடன் பெற்றுக் கடை நடத்தினர். சந்தையிலே தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி பெருமானார் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட வரலாற்றை நாமறிவோம். மழை அவ்வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். அங்கீகாரமில்லாமல் விற்பதும் அவ்வாறே. தன்னிடமுள்ளது எங்கிருந்து வந்தது, அதிலே என்ன இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லி விற்பவரை எந்த ஊராரும் குறைகூறார்.